கேம் கன்சோலும் எச்டி டிவியும்: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் டிவியும் கேம் கன்சோலும் பழுது பார்த்துக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். சுவாமிமலை, பாபநாசம், வலங்கைமான், மயிலாடுதுறை என்று சுற்றுவட்டத்திலிருந்து, "படம் சரியாக வரவில்லை" என்று கன்சோலைத் துண்டில் சுற்றி எடுத்து வருபவர்களில் பெரும்பாலோருக்கு நான் திருப்புளியைக் கையில் எடுக்கவே வேண்டியிருப்பதில்லை; வீட்டு டிவியின் ரிமோட்டிலேயே மருந்து இருக்கிறது. ஒரே பதிலைப் பல முறை சொல்லிவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

எச்டி ரெடி, ஃபுல் எச்டி, 4கேன்னு சொல்றாங்களே, எங்க வீட்டு டிவி எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

திரையில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதுதான் வேறுபாடு. 'எச்டி ரெடி' என்று விற்கப்படும் 32 அங்குல டிவிகளில் பெரும்பாலும் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள் இருக்கும்; ஃபுல் எச்டியில் 1920-க்கு 1080; 4கே டிவியில் 3840-க்கு 2160. ஃபுல் எச்டி திரையில் மொத்தம் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள், 4கேயில் அதைப்போல் சரியாக நான்கு மடங்கு.

டிவியின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பார்ப்பதே நம்பகமான வழி. கன்சோலில் 1080பி (1080 வரிப் படம்) தேர்ந்தெடுக்க முடிகிறது என்பதால் டிவி ஃபுல் எச்டி என்று முடிவு செய்துவிடக் கூடாது. 768 வரி மட்டுமே உள்ள டிவியும் 1080பி படத்தை வாங்கிக்கொண்டு, தன் அளவுக்குச் சுருக்கிக் காட்டும்.

பழைய கவர்மென்ட் டிவியில நல்லாத் தெரிஞ்ச பிளேஸ்டேஷன் 2, புது 43 இன்ச்ல கண்ராவியா இருக்கே, கன்சோல் போயிடுச்சா?

கன்சோல் நலமாகவே இருக்கிறது. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. பிளேஸ்டேஷன் 2 அந்த மாதிரிப் பெட்டிக்காகவே செய்யப்பட்டது. அது அனுப்பும் படம் ஒரு நேரத்தில் ஒற்றைப்படை வரிகளையும், அடுத்த நேரத்தில் இரட்டைப்படை வரிகளையும் மாறி மாறிக் கொண்டது. படக்குழாய் டிவி அதை அப்படியே வரைந்துவிடும். புதிய டிவியோ இரண்டு பாதிகளையும் ஒட்டி, பல மடங்கு பெரிதாக்கி, 43 அங்குலத்துக்கு இழுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இழுத்த இழுப்பில் ஒவ்வொரு குறையும் கண்ணுக்குத் தெரிகிறது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற ஏவி வயரில் மஞ்சள் ஒன்றிலேயே ஒளியும் நிறமும் சேர்ந்து வருவதால், எழுத்து ஓரங்களில் நிறம் கசிவதும் உண்டு.

டிவியில் பச்சை, நீலம், சிவப்பு என்ற காம்போனென்ட் துளைகள் இருந்தால் அதற்குரிய வயரை வாங்கி மாட்டுங்கள். கன்சோலின் மெனுவிலும் காம்போனென்ட் வெளியீட்டுக்கு மாற்ற வேண்டும். கேம் தொடங்கும்போது முக்கோணத்தையும் எக்ஸ் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால், சில கேம்கள் முழு வரிகளையும் ஒரே நேரத்தில் அனுப்பும் 480பி முறைக்கு மாறும். படத்தின் அகல விகிதத்தை 4:3 என்று வைத்தால் ஆட்கள் குட்டையாகவும் தடியாகவும் தெரியமாட்டார்கள். ஏவியை எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும் புது டிவி இணைப்பு) ஆக்கும் சிறு பெட்டிகள், டிவியில் துளையே இல்லாதபோது உதவும்; இல்லாத துல்லியத்தை அவற்றால் உண்டாக்க முடியாது. பழைய படக்குழாய் டிவியை இன்னும் தூக்கிப் போடாதவர்களுக்கு என் யோசனை, பிளேஸ்டேஷன் 2-ஐ அதிலேயே ஆடுங்கள் என்பதுதான்.

படம் கறுப்பு வெள்ளையா வருது, கலரே இல்ல. வயரு அறுந்திருக்குமா?

ஏவியின் மஞ்சள் வயர் அறுந்தால் படமே வராது. நம் நாட்டின் பழைய ஒளிபரப்பில் நிறத்தை அனுப்பிய முறை பால் (PAL) எனப்படும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய கன்சோல் என்டிஎஸ்சி என்ற வேறு முறையில் அனுப்பக்கூடும். (ஒரு பெரியவர் "ஆவின் பாலா?" என்று கேட்டார், அன்றிலிருந்து எழுத்தைச் சொல்லியே விளக்குகிறேன்.) டிவி மெனுவில் 'கலர் சிஸ்டம்' என்பதை ஆட்டோவுக்கு மாற்றுங்கள். எச்டிஎம்ஐ இணைப்பில் இந்தச் சிக்கல் கிடையாது.

பிளேஸ்டேஷன் 3-க்கு எச்டிஎம்ஐ வாங்கி மாட்டினேன், படமே வரல. ஓட்டை போயிடுச்சா?

பல முறை பார்த்த காட்சி இது. பிளேஸ்டேஷன் 3 பெட்டியோடு கொடுக்கப்பட்டது ஏவி வயர்தான் என்பதால் பலரும் ஆண்டுக்கணக்கில் அதிலேயே ஆடியிருப்பார்கள். கன்சோலும் அந்த வழியாகவே படம் அனுப்ப வேண்டும் என்று நினைவில் வைத்திருக்கும். கன்சோலை அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்தியபடியே இரண்டாவது பீப் ஒலி கேட்கும் வரை விடாமல் பிடித்திருங்கள். பழைய அமைப்பு அழிந்து, மாட்டியிருக்கும் வயரை அது புதிதாகத் தேடும். பிளேஸ்டேஷன் 4-லும் 5-லும் இதே இரண்டாவது பீப் 'சேஃப் மோட்' என்ற மெனுவைத் திறக்கும். தவறான அளவைத் தேர்ந்தெடுத்துப் படம் மறைந்துபோனால் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்.

எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருப்பவர்கள் முதலில் பின்புறத்தைப் பாருங்கள். 2005-இல் வந்த முதல் மாடல்களில் எச்டிஎம்ஐ துளையே இல்லை. அவற்றுக்குக் காம்போனென்ட் வயரோ, டிவியில் இடம் இருந்தால் கணினித் திரைக்கு மாட்டும் விஜிஏ வயரோதான் வழி.

தங்க முலாம் போட்ட கேபிள் வாங்கினா படம் தெளிவா வருமா?

வராது. எச்டிஎம்ஐயில் போவது எண்கள். எண் சரியாகச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும், சேராவிட்டால் திரையில் வெள்ளைப் பொறிகள் பறக்கும் அல்லது படம் நொடிக்கு நொடி அணைந்து எரியும். கேபிள் மலிவானது என்பதால் படம் மங்குவதோ நிறம் வெளுப்பதோ நடக்காது. ஃபுல் எச்டிக்குச் சாதாரண 'ஹை ஸ்பீடு' கேபிள் போதும். 4கேயை விநாடிக்கு 60 படமாக அனுப்ப 18 கிகாபிட் தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' வேண்டும். 4கேயில் 120 படம் வேண்டுமானால் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு', அது பிளேஸ்டேஷன் 5-இன் பெட்டியிலேயே இருக்கிறது.

நீளத்தில்தான் கவனம் வேண்டும். சுவருக்குள் குழாய் பதித்துப் பத்து மீட்டர் இழுத்துவிட்டுப் பொறி பறக்கிறது என்று வருபவர்கள் உண்டு. இரண்டு மீட்டருக்குள் முடித்துக்கொள்ள முடிந்தால் நல்லது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் காற்றில் முனைகள் களிம்பேறியிருக்கும். புதிதாக வாங்கும் முன் ஒரு முறை கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள்.

டிவியில மூணு எச்டிஎம்ஐ இருக்கு, எதுல மாட்டினாலும் ஒண்ணுதானே?

ஃபுல் எச்டி டிவியில் பெரும்பாலும் ஒன்றுதான். 4கே டிவியில் அப்படி இல்லை. துளைக்கு அருகில் '4கே 120' என்றோ 'கேம்' என்றோ எழுதியிருந்தால் கன்சோலுக்கு அதையே கொடுங்கள், கேபிள் டிவி பெட்டி வேறெங்கே இருந்தாலும் குறையொன்றும் இல்லை.

ஸ்கோரு மூலையில வெட்டுப்பட்டுப் போகுது. கேம்ல கோளாறா?

டிவி படத்தின் ஓரங்களைச் சிறிது வெட்டிவிட்டு, மீதியைத் திரை நிறையப் பெரிதாக்குகிறது. படக்குழாய் காலத்தில் ஒளிபரப்பின் ஓரத்தில் இருந்த குப்பையை மறைக்க ஏற்பட்ட வழக்கம் இன்னும் தொடர்கிறது. இதில் ஓரம் போவது மட்டும் நட்டமல்ல. பெரிதாக்கும்போது முழுப் படமும் சற்று மங்குகிறது. 1080 வரிப் படம் 1080 வரித் திரையில் புள்ளிக்குப் புள்ளி உட்கார வேண்டியது, உட்காராமல் போகிறது.

டிவியின் பட அளவு மெனுவில் ஓரத்தை வெட்டாமல் காட்டும் தேர்வு இருக்கும்; எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று இதற்குப் பெயர். முதலில் இதைச் சரிசெய்யுங்கள். கன்சோலிலேயே திரைப் பரப்பைச் சுருக்கும் வசதி உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தினால் கன்சோல் சுருக்கியதை டிவி மீண்டும் பெரிதாக்கும். டிவியில் வழியே இல்லாதபோது மட்டும் அங்கே போங்கள்.

கிரிக்கெட் கேம்ல பட்டன அமுக்கின பிறகு கொஞ்சம் லேட்டாத்தான் பேட்டு சுத்துது. கன்ட்ரோலர் மாத்தணுமா?

திருவாரூரிலிருந்து ஒரு தம்பி இரண்டு கன்ட்ரோலர் வாங்கிய பிறகே என்னிடம் வந்தார். அவருடைய டிவியில் 'கேம் மோட்' போட்டுக் கொடுத்தேன். மறு பந்திலேயே பவுண்டரி. காரணம் இதுதான்: டிவி தனக்கு வரும் ஒவ்வொரு படத்தையும் காட்டுவதற்கு முன் மெருகேற்றுகிறது. கூர்மை கூட்டும், புள்ளி நீக்கும், இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படம் ஒன்றைத் தானே கற்பனை செய்து செருகும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். மெருகு முழுவதும் ஓடினால் சில டிவிகளில் தாமதம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கைத் தொடும். வேகப்பந்து வீச்சாளரின் கையிலிருந்து 140 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்து மட்டையைச் சேர ஏறக்குறைய அரை விநாடிதான் ஆகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கை டிவியே தின்றுவிட்டால் யாரால் ஆட முடியும்?

கேம் மோட் போட்டால் மெருகு வேலைகள் பெரும்பாலும் நிற்கும். அது இல்லாத பழைய டிவியில், அசைவை வழவழப்பாக்கும் வசதியைக் கையாலேயே நிறுத்துங்கள். சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. இரைச்சல் நீக்கத்தையும் அணைத்துவிடுங்கள். பெரும்பாலான டிவிகளில் இந்த அமைப்பு ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியே நினைவில் நிற்பதால், அம்மா பார்க்கும் சீரியலுக்கு ஒன்றும் ஆகாது.

கேம் மோட் போட்டதும் படம் சோபை இழந்துவிட்டதாகச் சிலர் மறுநாளே மாற்றிவிடுகிறார்கள். மூன்று நாள் பொறுங்கள், கண் பழகிவிடும். அடுத்த பதிலில் சொல்லப்போவதையும் செய்யுங்கள்.

ஷோரூம்ல பார்த்த மாதிரி பளிச்சுன்னு இருக்கட்டும்னு டைனமிக்ல வச்சிருக்கேன். தப்பா?

குழல்விளக்குகள் எரியும் கடையில் பத்து டிவிக்கு நடுவே கண்ணை இழுப்பதற்காக ஏற்பட்டது டைனமிக், விவிட் போன்ற அமைப்புகள். நிறத்தை நீலத்தின் பக்கம் தள்ளி, வெள்ளையை ஊதி, இருட்டை அமுக்கிவிடும். கேமில் மேகத்தின் மடிப்பும் சுவரின் காரையும் காணாமல் போவது இதனால்தான். வண்ண வெப்பநிலையை 'வார்ம்' பக்கம் நகர்த்துங்கள். படங்கள் தயாரிக்கப்படும் 6500 கெல்வின் வெள்ளைக்கு அதுவே அருகில் வரும். முதல் அரை மணி நேரம் மஞ்சள் பூசியது போல் தோன்றும், பிறகு பழைய நீலம்தான் விகாரமாகப் படும்.

கூர்மையை நூற்றுக்கு நூறு வைப்பதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. அது துல்லியத்தைக் கூட்டுவதில்லை. ஓரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு வரைகிறது. கேமின் மெனு எழுத்தைத் திரைக்கு அருகே போய்ப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி நிழல் போல வெளிர் கோடு தெரிந்தால், அது மறையும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். சோனியில் 50 என்பதே நடுநிலை. வேறு பல டிவிகளில் அது பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும்.

எங்க வீட்டுல பகல்ல ஒண்ணுமே தெரியல, ராத்திரியில நல்லாயிருக்கு. பிரைட்னெஸ்ஸ ஏத்தவா?

முற்றம் வைத்த ஓட்டு வீடாக இருந்தால் டிவி எந்தச் சுவரில் இருக்கிறது என்று பாருங்கள். முற்றத்துக்கு எதிரே கூடத்துச் சுவரில் மாட்டினால் வானமே கண்ணாடியில் தெரியும். பக்கச் சுவருக்கு மாற்றினால் எந்த மெனுவும் தராத தெளிவு கிடைக்கும். மாற்ற முடியாதென்றால் 'பேக்லைட்' என்பதை ஏற்றுங்கள். பெயர் ஏமாற்றினாலும், பல டிவிகளில் 'பிரைட்னெஸ்' என்பது கறுப்பின் அளவையே மாற்றுகிறது. அதை ஏற்றினால் இருட்டெல்லாம் சாம்பல் பூசிக்கொள்ளும்.

உயரமும் முக்கியம். பீரோவுக்கு மேலே, உத்தரத்தின் கீழே டிவியை மாட்டிவிட்டுப் பிள்ளைகள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து ஆடினால், அவர்கள் பார்ப்பது கீழிருந்து. சில வகைத் திரைகளில் அந்தக் கோணத்தில் நிறம் வெளுத்துத் தெரியும். ஆடுபவரின் கண் மட்டத்துக்கு டிவியை இறக்கினால் போதும்.

எச்டி ரெடி டிவிக்கு 720பி வைக்கணுமா, 1080பி வைக்கணுமா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

இரண்டுமே அதன் திரைக்குச் சரியாகப் பொருந்தாது என்பதால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 720 வரிப் படத்தை 768 வரித் திரையில் பரப்புவது, 15 புள்ளிக் கோலத்தை 16 புள்ளி வைத்த வாசலில் போட முயல்வது போன்றது. கணக்கும் சரியாக அதே விகிதம்தான். எங்கேயாவது கோடு சற்று அசடு வழியத்தான் செய்யும். பிளேஸ்டேஷன் 3-இன் பெரும்பாலான கேம்கள் 720 வரியிலோ அதற்கும் குறைவாகவோ உருவானவை என்பதால் அதற்கு 720பியே பொருத்தம். பிளேஸ்டேஷன் 4-க்கு 1080பி அனுப்பி, சுருக்கும் வேலையை டிவியிடம் விடலாம். பெரிதாக்குவதைவிடச் சுருக்குவதில் இழப்பு கண்ணை உறுத்தாது. 1080ஐ என்ற தேர்வு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். மேலே பிளேஸ்டேஷன் 2-க்குச் சொன்ன பாதி வரிச் சிக்கல் அங்கேயும் உண்டு.

பிளேஸ்டேஷன் 3-இல் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. டிவி ஏற்கும் எல்லா அளவுகளுக்கும் டிக் போட்டு வையுங்கள். "பெரியது நல்லது" என்று 1080-ஐ மட்டும் வைத்து 720-ஐ எடுத்துவிட்டால், 720 மட்டுமே தெரிந்த கேம்கள் ஏற முடியாமல் 480-க்கோ 576-க்கோ இறங்கிவிடும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் இந்தத் தொல்லை இல்லை. எந்த கேமானாலும் நீங்கள் வைத்த அளவுக்கு அதுவே மாற்றிக் கொடுக்கும்.

கோலக் கணக்கு 4கே டிவியில் அழகாகச் சேரும். 1080 வரியின் ஒரு புள்ளிக்கு அங்கே நான்கு புள்ளிகள். 720 வரியின் ஒன்றுக்கு ஒன்பது.

இருட்டான இடத்துல எதிரியே தெரியல. இன்னொரு டிவியில போட்டா கறுப்பு சாம்பலா இருக்கு. எது சரி?

இரண்டுமே தவறு, காரணமும் ஒன்றே. கன்சோல் ஒளியின் அளவை இரண்டு வகையில் அனுப்பலாம்: 0 முதல் 255 வரை உள்ள 'ஃபுல்', அல்லது டிவி உலகத்து வழக்கமான 16 முதல் 235 வரை உள்ள 'லிமிடெட்'. கன்சோல் ஃபுல்லில் அனுப்ப, டிவி லிமிடெட் என்று எண்ணிக்கொண்டால் 16-க்குக் கீழுள்ள இருட்டெல்லாம் ஒரே கறுப்பாக அடைபடும். எதிரி அதற்குள்ளேதான் நிற்கிறான். மாறாக நடந்தால் கறுப்பு சாம்பலாகும்.

பிளேஸ்டேஷன் 4-இலும் 5-இலும் வீடியோ வெளியீட்டு மெனுவில் 'ஆர்ஜிபி ரேஞ்ச்' என்று இருக்கும். டிவியில் 'பிளாக் லெவல்' என்ற பெயரில் வரும். இரண்டையும் ஆட்டோவில் விடுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் கன்சோலை லிமிடெட்டில் நிறுத்துங்கள். ஃபுல் என்ற பெயரைப் பார்த்து நிறம் கூடும் என்று நம்ப வேண்டாம்; இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் டிவியில் வித்தியாசம் தெரியாது.

4கே டிவி வாங்கினேன், எச்டிஆர் போட்டா படம் மங்கிப்போகுதே?

எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியை அதிகமாக்கிக் காட்டும் முறை. அந்தப் படம் பெரும்பாலும் 1000 நிட் (திரை ஒளியின் அளவு) அல்லது அதற்கு மேல் ஒளிரும் திரையைக் கருத்தில் கொண்டு தயாராகிறது. மலிவான 4கே டிவிகள் அந்தக் குறியீட்டைப் புரிந்துகொள்ளும், ஆனால் 300 நிட் பக்கத்திலேயே மூச்சு வாங்கும். அட்டைப்பெட்டியில் எழுத்து இருப்பதும் திரையில் ஒளி இருப்பதும் வேறு.

முதலில் டிவியின் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு விரிந்த சிக்னலை அனுமதியுங்கள். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்று இருக்கும். பிறகு பிளேஸ்டேஷன் 5-இன் எச்டிஆர் சரிசெய்யும் பக்கத்தில், குறியீடு அரிதாகத் தெரியும் அளவுக்கு வையுங்கள். எச்டிஆருக்கென்றே செய்யாத கேம்களுக்கு அது ஓடாதபடி, 'ஆதரிக்கும்போது மட்டும்' என்ற தேர்வை வைத்துக்கொள்ளலாம். இதற்குப் பிறகும் மங்கலாகத்தான் இருக்கிறதென்றால் எச்டிஆரை அணைத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் வீட்டிலும் அணைத்தே வைத்திருக்கிறேன்.

ஃபுல் எச்டி டிவிக்கு பிளேஸ்டேஷன் 5 வாங்கினா காசு வீணா?

வீணில்லை. அது பெரிய அளவில் வரைந்த படத்தை 1080-க்குச் சுருக்கி அனுப்புகிறது. படிக்கட்டு போல உடைந்து தெரியும் ஓரங்கள் வழவழப்பாகும், பயிரின் தாள், மின்கம்பி போன்ற மெல்லிய கோடுகள் மினுக்காது. பல கேம்களில் விநாடிக்கு 60 படம் தரும் 'பெர்ஃபாமன்ஸ்' தேர்வு இருக்கிறது. எச்டி டிவிக்காரர்கள் யோசிக்காமல் அதையே எடுக்கலாம். 43 அங்குலத் திரையை ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தால், சாதாரணக் கண்ணுக்கு 1080-க்கும் 4கேக்கும் புள்ளி வேறுபாடு ஏறக்குறைய தெரியாது.

மோட்டார் போட்டா படம் ஒரு நொடி போயிட்டு வருது. மழைக்காலத்துல என்ன பண்றது?

பம்புசெட் அல்லது வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிவதும், சுவிட்சிலிருந்து மின் அதிர்வு கிளம்புவதும் எச்டிஎம்ஐ இணைப்பைக் குழப்பும். கன்சோலும் டிவியும் மீண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் அந்த நொடிதான் கறுப்புத் திரை. கன்சோலையும் டிவியையும் மோட்டார் இல்லாத வேறு லைனில், ஒரே பலகையில் மாட்டுங்கள், கேபிளைச் சிறிதாக்குங்கள். எர்த் சரியாக இல்லாத வீட்டில் கேபிளின் உலோக முனையைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கும். அதே மின்சாரம்தான் ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டினால் துளைக்குள் பொறியாகிறது. ஆகவே இரண்டையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டே எச்டிஎம்ஐயை மாட்டவும் கழற்றவும் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வரும்போது பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில் நானே எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். கேபிள் டிவிக்காரர் மரத்துக்கு மரம் கட்டி இழுத்து வந்த வட்டக் கம்பி மட்டும் செட்டாப் பெட்டியில் அப்படியே இருந்தது. மின்னல் அதன் வழியாகப் பெட்டிக்குள் இறங்கி, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போய், டிவியிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோலுக்கும் போயிருந்தது. காலையில் டிவி ஆன் ஆனது, ஒலி வந்தது. மூன்று துளையிலும் படம் இல்லை. வானம் கறுத்தால் அந்த வட்டக் கம்பியைத்தான் முதலில் திருகிக் கழற்றுங்கள், பிறகு பிளக், பிறகு எச்டிஎம்ஐ.